ஓடிபி வருவதற்குள் திறந்த இரண்டாவது டேப்

“…பேரு சரி, அத்தா பேரு சரி, பொறந்த தேதியும் சரிக்கா. ஆனா இந்தப் போட்டோவுல இருக்கிறது நான் இல்லையே” என்றார் நூர்ஜஹான்.

பிரிண்டரிலிருந்து எடுத்த தாள் அவர் கையில் இன்னும் சூடாக இருந்தது. வாங்கிப் பார்த்தேன். விண்ணப்ப எண், பெயர், பாலக்கரை முகவரி, நர்ஸிங் படித்த வருடம் எல்லாம் அவருடையவை. வலது மேல் மூலையில் மட்டும் வேறு ஒரு பெண். தலையில் துப்பட்டா இல்லை, நெற்றியில் மெல்லிய சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. கீழே இருந்த கையெழுத்தும் அந்தப் பெண்ணுடையது. தாளின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: சமர்ப்பித்த விண்ணப்பத்தில் எந்த மாற்றமும் செய்ய இயலாது.

மணி மூன்றே கால். அன்று கடைசி நாள். ஐந்தே முக்காலுக்குத் தளத்தை மூடிவிடுவார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று முதலாளி கேட்டார். நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரே அறையாக இருந்த கடை இப்போது மூன்று கடையாகிவிட்டது. போட்டோவை எத்தனை கேபிக்குச் சுருக்குவது, சான்றிதழை எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதை எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். அந்த மூன்றே காலைப் பற்றி எழுதுகிறேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த பெரிய தப்பும், நான் மிகவும் பெருமைப்படுகிற காரியமும் ஒரே மத்தியானத்தில் நடந்தன.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தப்பு புரியாது. என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அதே கடையில் ஜெராக்ஸ் எடுக்கத்தான் சேர்ந்தேன். விண்ணப்பம் போடுகிறவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதி அறிவு, பாதி தந்திரம். தந்திரம்தான் அதிகம் சோறு போட்டது.

அந்தத் தந்திரங்களிலேயே பெரியது ‘ரெட்டை உழவு’. பெயர் நான் வைத்ததில்லை; ஜீயபுரத்திலிருந்து சிட்டா எடுக்க வந்த ஒரு விவசாயி, நான் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பம் போடுவதைப் பார்த்து, “என்னம்மா, ரெட்டை உழவு ஓட்டுற?” என்றார். பழைய பிரௌசரில் அது நடக்கும். ஐகானை இரண்டு தடவை தட்டினால் இரண்டு தனி ஜன்னல் திறக்கும். ஒரு ஜன்னலில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. ஒருவருக்குப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவருக்குத் தட்டச்சு செய்யலாம். அந்தத் தெருவில் இதை என்னளவு வேகமாகச் செய்ய ஆள் கிடையாது. இதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

பிறகு புது பிரௌசர் வந்தது. பழையதில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். புதியதில் அச்சுப் புத்தகம் மாதிரி வந்தது. பாதித் தளங்கள், “இனிமேல் புது பிரௌசரில் மட்டும்தான் திறப்போம்” என்று அறிவிப்பே போட்டுவிட்டன. முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றினார். மற்றவர்கள் முனகினார்கள். நான் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டேன். ஒரே ஜன்னலுக்குள் வரிசையாக டேப் டேப்பாகத் திறக்கிறதே, இது ரெட்டை உழவுக்கென்றே செய்தது என்று நினைத்தேன். தப்பு அங்கேதான் விதைத்தாயிற்று. பழைய ஏரின் பழக்கத்தைப் புது வயலில் அப்படியே பூட்டினேன்.

நூர்ஜஹானுக்கு வருகிறேன். பாலக்கரைக்காரர். ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிஃப்ட் முடித்து, சாப்பிடாமல் நேரே கடைக்கு வந்தார். அரசு நர்ஸ் வேலைக்கான அறிவிப்பு அது. முந்தைய இரண்டு அறிவிப்பிலும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் விட்டவர். இந்தத் தடவையோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. வந்து உட்கார்ந்ததுமே சொன்னார்: “அக்கா, இதுதான் எனக்குக் கடைசி பஸ்ஸு. ஏத்தி விட்டுருங்க.”

ஏற்றிவிட்டேன். போட்டோ, கையெழுத்து, விவரம், சான்றிதழ், எல்லாம் முடித்து முன்னோட்டம் பார்த்தோம். அவர் முகம்தான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே படித்துப் பார்த்தோம். சரி என்று தட்டினேன். ஓடிபி வரவேண்டும். அவர் போனில் சிக்னல் ஒரு கோடு. வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

அவருக்குப் பின்னால் ரங்கநாயகி நின்றுகொண்டிருந்தார். உத்திர வீதிப் பெண், பார்மசி படித்தவர், அதே அறிவிப்பில் மருந்தாளுநர் வேலைக்கு. “மாமி, சித்த சீக்கிரம் ஆகுமா? ஆத்துல பால் வெச்சுட்டு வந்திருக்கேன், அம்மாவுக்குக் கண் தெரியாது” என்று நாலாவது தடவையாகக் கேட்டார்.

சும்மா உட்கார்ந்திருக்க என் கைக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு டேப்பைத் திறந்து ரங்கநாயகியின் போட்டோவையும் கையெழுத்தையும் ஏற்றினேன். அந்த நேரம் நூர்ஜஹானின் போன் மணியடித்தது. முதல் டேப்புக்கு வந்தேன், ஆறு எண்ணைப் போட்டேன், சமர்ப்பித்தேன். “முடிஞ்சிருச்சும்மா” என்று சிரித்துக்கொண்டே தாளை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகுதான் நான் முதலில் எழுதிய அந்த வார்த்தையை அவர் சொன்னார்.

ரங்கநாயகி என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, “அட, அது நான்னா!” என்றார். “என்ன மாமி இது? எனக்கே இந்த மூஞ்சி பத்தலைன்னு பார்த்தா, இன்னொருத்தருக்கு வேற தானம் பண்ணிட்டேளா?”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். நூர்ஜஹான் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. தாளை மேஜையில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார், பறந்துவிடும் என்பதுபோல.

எனக்கு எங்கே பிசகியது என்று ஒரு யோசனை வந்தது. நிச்சயமில்லை, யோசனைதான். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பழைய பிரௌசரில் இரண்டு ஜன்னல் திறந்தால் தளம் பந்தியில் போடுவதுபோல இரண்டு பேருக்கும் இரண்டு இலை போடும். புதியதில் எத்தனை டேப் திறந்தாலும் வந்திருப்பது ஒரே ஆள் என்று நினைத்து ஒரே இலைதான் போடும். நூர்ஜஹானின் முகம் பரிமாறியிருந்த இலையில் ரங்கநாயகியின் முகத்தை நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். முதலில் வைத்ததை எடுத்துவிட்டு இரண்டாவது உட்கார்ந்துவிட்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். என் கை போனது, வேறு அண்டாவுக்குள்.

மறுபடி புதிதாகப் போட முயன்றேன். “இந்தக் கைபேசி எண்ணில் ஏற்கனவே விண்ணப்பம் உள்ளது” என்றது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டுப் பாடியது, நின்றது, திரும்பப் பாடியது. மின்னஞ்சல் அனுப்பினேன். ஏழு வேலை நாளில் பதில் தருவதாக ஒரு பதில் அடுத்த நொடியே வந்தது. ஏழு நாளா? எங்களுக்கு இருந்தது இரண்டு மணி நேரம்.

இதற்குள் முதலாளி எழுந்து வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் கடை என்று வந்தால் பயந்தவர். என்னைத் தனியே கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: “சர்வர் பிராப்ளம்னு எழுதிக் குடுத்துரும்மா. எல்லாக் கடையிலயும் அதைத்தான் சொல்றாங்க.”

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். நம் தொழிலில் சர்வரைப் போல நல்ல ஆள் கிடையாது. எந்தப் பழியைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், திருப்பிப் பேசாது. நானும் எத்தனையோ தடவை அதன் தலையில் போட்டிருக்கிறேன். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் ஒருநாள் என்னிடம், “ஏம்மா, உங்க சர்வருக்கு வாய் இருந்தா உங்க தொழிலே இருக்காது போலிருக்கே” என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். மனிதர்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளை எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். இதையும் எழுதி வைத்தேன், ஆனால் வேடிக்கையாகத்தான் எழுதி வைத்தேன்.

அன்றைக்கு வேடிக்கையாக இல்லை. ஒரு பெண்ணின் பெயரில் இன்னொரு பெண்ணின் படம். தேர்வு மையத்தில் அதற்கு ஒரே ஒரு சொல்தான் வைத்திருக்கிறார்கள்: ஆள்மாறாட்டம். தேர்வு எழுத விடாததோடு நிற்காது; வழக்கு வரைக்கும் போகும். வேறு யாராவது தப்பு செய்திருந்தால்தான் நூர்ஜஹான் செய்யவில்லை என்று ஆகும். அந்த யாரோவாக சர்வர் வந்து நிற்காது. நான்தான் நிற்க வேண்டும்.

“சர்வர் தப்பு இல்லண்ணே. நான்தான் ரெண்டு டேப் தெறந்தேன்” என்றேன்.

“எழுத்துல குடுத்தா கடைப் பேரு கெட்டுப்போயிராதாம்மா?”

“கெட்டா என் பேரு கெடட்டும். அந்தப் பொண்ணு மேல ஆள்மாறாட்டம்னு விழுந்தா, கடைப் பேரை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து கடையின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எப்படி ஆரம்பிப்ப?”

“‘நான்’னுதான்.”

நான் எழுதி முடித்து செண்பகம் என்று கையெழுத்துப் போட்டதும், முதலாளி கீழே தானும் போட்டு, கடை முத்திரையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்தினார். ரங்கநாயகி கேட்காமலே தனியாக ஒரு தாள் எடுத்து, அந்தப் படம் தன்னுடையது, நூர்ஜஹான் என்பவரை அன்றுவரை பார்த்ததே இல்லை என்று முத்து முத்தாக எழுதினார். “என் ஆதார் நகலையும் வெச்சுக்கோங்கோ மாமி. பால் பொங்கினா பொங்கட்டும், வேற என்ன வேணும் சொல்லுங்கோ” என்றார். அவருடைய விண்ணப்பத்தைத் தானே போட்டு முடிப்பதாக முதலாளி சொன்னார்.

நூர்ஜஹானின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன். மணி மூன்றே முக்கால். தேர்வைக் கவனித்த அலுவலகம் கண்டோன்மென்ட்டில். அங்கே விண்ணப்பதாரர்களுக்கென்று ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார் என்று அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். உயிர் போகிற நேரத்தில் கதவு அங்கேதான் இருக்கும்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. நான் வாயே திறக்கவில்லை. பாதிப் பாலத்தில் நூர்ஜஹான் தலையைத் திருப்பாமல், “அக்கா, பேசாம வராதீங்க. ஏதாவது பேசிட்டே வாங்க. பயமா இருக்கு” என்றார்.

“எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. நீ என்னைத் திட்டிட்டேயாவது வா.”

“திட்டலாம்தான். நான் இன்னும் சாப்பிடல. எங்கம்மா சொல்லும், அழுவுறதா இருந்தாலும் சோத்தைத் தின்னுட்டு அழு, தெம்பா அழலாம்னு.”

அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தோளும் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பின்னால் இருந்து எனக்குத் தெரியவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஓட்டிக்கொண்டே ஒன்றைத் தின்றார்.

அலுவலகத்தில் அந்த அதிகாரி கண்ணாடி போட்டவர், நல்ல மீசை. நூர்ஜஹானின் தாளைப் பார்த்தார், நூர்ஜஹானைப் பார்த்தார். முகம் மாறியது.

“இதை நான் திருத்த முடியாதும்மா. ஆள்மாறாட்டம்னு எழுதி மேலதான் அனுப்பணும்.”

“சார், என் பேருல இன்னொருத்தங்க போட்டோவை நானே வச்சு, நானே எடுத்துட்டு வந்து உங்ககிட்ட காட்டுவேனா சார்?” என்றார் நூர்ஜஹான். குரல் உடையவில்லை. நர்ஸ் அல்லவா, உடைகிற நேரத்தில் உடையாமல் இருந்து பழகியவர்.

“மாட்டிக்குவோம்னு பயந்து வர்றவங்களும் உண்டும்மா. சர்வர் தப்புன்னு எழுதிட்டு வருவாங்க. இந்த அறிவிப்புலயே உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாச்சு. சர்வரைச் சோதிச்சுப் பார்த்தோம், ஒரு குத்தமும் இல்ல. மூணையும் தள்ளியாச்சு.”

அப்போதுதான் நான் என் கடிதத்தை நீட்டினேன். அவர் சலிப்போடு பிரித்தார். முதல் வரியைப் படித்தார். திரும்பவும் முதல் வரிக்கே வந்தார்.

“‘நான் செய்த தவறு’ன்னு எழுதியிருக்கீங்க?”

“ஆமாங்க சார்.”

“இது என்னன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா? உங்க மேல நடவடிக்கை வரலாம்.”

“வரட்டுங்க சார். தப்பு எப்படி நடந்துச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்லயே காட்டுறேன். அஞ்சு நிமிஷம் குடுங்க.”

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், அதை நான் அதுவரை செய்து பார்க்கவே இல்லை. கடையில் நேரமில்லை. என் யோசனை தப்பாக இருந்தால் அந்த அறையில் எங்கள் கதை முடிந்தது. ஒரு தப்பு மறுபடியும் நடக்க வேண்டும் என்று நான் ரங்கநாதரை வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் நாற்காலியை விட்டுக் கொடுத்தார். அவர் கம்ப்யூட்டரிலும் அதே புது பிரௌசர். டேப்கள் வெற்றிலைக் கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கியிருந்தன. புதிதாக ஒன்று திறந்து, ஒரு விண்ணப்பத்தைத் தொடங்கினேன். கைபேசி எண்ணுக்கு அவருடையதைக் கேட்டேன். பெயர் செண்பகம், பாலினம் பெண். படத்துக்கு என் பென் டிரைவில் இருந்த நூர்ஜஹானின் போட்டோ. முன்னோட்டத்தைத் தட்டினேன்.

“பாருங்க சார், இப்ப இவங்க முகம் இருக்கா?”

“இருக்கு.”

“உங்க போட்டோ ஒண்ணு இதுல இருக்குமா சார்?”

“என்னோடதா? எதுக்கு?” என்று இழுத்தாலும், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைக் காட்டினார். பக்கத்தில் இன்னொரு டேப் திறந்து, அதில் அவர் படத்தை ஏற்றினேன். அதோடு நிறுத்தினேன். முதல் டேப்புக்கு வந்து மறுபடி முன்னோட்டத்தைத் தட்டினேன்.

வட்டம் சுற்றியது. அந்தத் தளம் அன்றைக்குச் சுற்றின சுற்றலை நான் மறக்க மாட்டேன். பக்கம் வந்தது.

பெயர்: செண்பகம். பாலினம்: பெண். படம்: கண்ணாடியும் மீசையுமாக அதிகாரி.

பக்கத்து மேஜையில் கோப்பு கட்டிக்கொண்டிருந்த அம்மா, “ஐயோ சார்!” என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து திரையைத் தொடுகிற தூரத்தில் பார்த்தார். “இன்னொரு தடவை பண்ணுங்க” என்றார். பண்ணினேன். “நகருங்க, நான் பண்றேன்” என்று தானே ஒரு தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் மீசை வந்தது.

“பழைய பிரௌசர்ல இப்படி வராதா?”

“ரெண்டு தடவை தொறந்தா ரெண்டு தனித்தனியா நிக்கும் சார். அந்தப் பழக்கத்துலதான் இதுலயும் செஞ்சேன். என்னை மாதிரி ஊரெல்லாம் செய்வாங்க.”

அவர் அந்தக் கோப்பு அம்மாவிடம், “முன்னாடி தள்ளினோமே, அந்த மூணு பேரோட ஃபைலை எடுங்க. எந்தக் கடையில போட்டாங்கன்னு கேக்கணும்” என்றார். அந்த மூன்று பேர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு விண்ணப்பம் போட்ட கடைக்காரர்களும் என்னைப் போல அவசரக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒருவராவது ‘நான்’ என்று எழுதியிருந்தால் நூர்ஜஹானுக்கு அன்றைக்கு இந்த ஓட்டமே இல்லை.

அதிகாரி சென்னைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் யாரோ சத்தம் போடுவது எங்களுக்கே கேட்டது. இவர் பொறுமையாக, “இல்ல சார், சர்வர்னு சொல்லல. விண்ணப்பம் போட்டவங்களே தன்னோட தப்புன்னு எழுத்துல குடுத்திருக்காங்க. போட்டோவுக்குச் சொந்தக்காரங்களும் எழுதிக் குடுத்திருக்காங்க. நானே செஞ்சு பார்த்தேன் சார், என் மூஞ்சியே வருது” என்றார். அந்தப் பக்கத்துச் சத்தம் அடங்கியது.

பின்னால் நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சர்வர்மேல் பழி என்று ஒரு தாள் கொண்டுபோயிருந்தால், சர்வரைக் காப்பாற்ற வேண்டிய ஆள் அவர். எங்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். என் பழி என்று கொண்டுபோனதால் எங்கள் பக்கம் வந்து உட்கார அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. இது நல்லவளாக இருப்பதைப் பற்றிய பேச்சு இல்லை, தம்பிகளே. நெருக்கடியில் எதிரில் இருக்கிறவருக்கு எந்த நாற்காலியை விட்டுவைக்கிறோம் என்கிற கணக்கு. தொட்டியத்தில் வாழை வியாபாரம் செய்யும் ஒருவர் சொல்வார்: “தாரை வெட்டறதுக்கு முன்னாடி, தாங்கிப் பிடிக்க ஆள் நிக்கிறானான்னு பாரு.” நம்மைத் தாங்கிப் பிடிக்கிற ஆள் எதிர்த்தரப்பிலிருந்தும் வரலாம். நிற்க இடம் விட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அடுத்த அறிவிப்பில் அந்தத் தளத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒரே பிரௌசரில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களைத் திறக்க வேண்டாம். அதில் என் பெயர் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அதை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். என் தப்பு ஒரு ஊருக்கே எச்சரிக்கைப் பலகையாக நின்றது. தப்பு செய்து இவ்வளவு பெருமைப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். என் மேல் நடவடிக்கை என்று எதுவும் வரவில்லை. கடைப் பெயரும் கெடவில்லை. ‘சர்வர்னு சொல்லாத கடை’ என்று கேட்டு விசாரித்துக்கொண்டு பாலக்கரையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்றைக்கு மணி ஐந்து ஐந்து.

அதிகாரி போனை வைத்துவிட்டு நூர்ஜஹானைப் பார்த்தார். “உங்க விண்ணப்பத்தைத் திருத்தறதுக்குத் தொறந்து விட்டிருக்காங்க. இருபது நிமிஷம்தான். அதுக்குள்ள போட்டோவையும் கையெழுத்தையும் மாத்திச் சமர்ப்பிக்கணும். இந்தக் கம்ப்யூட்டர்லயே போட்டுருங்க. இவங்க வேணாம்னா, எங்க ஆபரேட்டரைக் கூப்பிடறேன்.”

‘இவங்க’ என்றது என்னை. நான் கம்ப்யூட்டர் நாற்காலியை விட்டுத் தள்ளி நின்றேன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அவருடைய கடைசி பஸ்ஸில் வேறு ஆளை ஏற்றிவிட்ட கை இது. மறுபடி நம்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. “ஆபரேட்டரே போடட்டும்மா. நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றேன்.

நூர்ஜஹான் காலி நாற்காலியில் தானே உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். திரையின் மேல் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் சோதனை டேப் இரண்டு, அதற்கு முன்னால் அதிகாரியின் டேப்கள், வரிசையாக. கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார். முதலில் அதிகாரியின் மீசை போனது. அடுத்து செண்பகம் போனாள். பிறகு ஏதோ ஒரு பட்டியல் போனது, ஒரு சுற்றறிக்கை போனது, ரயில் டிக்கெட் பக்கம் ஒன்று போனது.

“அம்மா, அம்மா, அது நான் பாதி எழுதி வச்சிருக்கிற மெயிலும்மா!” என்றார் அதிகாரி.

“திரும்ப எழுதிக்கலாம் சார்” என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லி அதையும் மூடினார்.

கடைசியில் ஒரே ஒரு டேப் நின்றது. அதில் தன்னுடைய விண்ணப்பத்தைத் திறந்தார். ரங்கநாயகியின் படம் இருந்த மூலையை ஒரு நொடி பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, “இப்ப நீங்க போடுங்கக்கா” என்றார்.